மருமகன் செய்த வட்ட ரம்பம்: பிளேடு ஆட்டமும் வேகக் குறைவும், ஒரு நிகழ்வு ஆய்வு

என் அக்கா மகன் சொந்தமாக ஒரு மேசை ரம்பம் செய்திருந்தான். சாமி மேடையைக் கடையில் வாங்காமல் தன் கையாலேயே செய்து அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. சிங்கப்பூரில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இந்த வேலை ஆகாது. சத்தம் ஒரு பக்கம், தூசி ஒரு பக்கம். அதனால் சுங்கை காடுட்டில் அறைகலன் பட்டறை வைத்திருக்கும் நண்பனின் அப்பாவிடம் கேட்டு, பின்பக்கம் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டான். ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

“மாமா, பிளேடு எல்லாமே கோணலா வருது. மூணு வாங்கிட்டேன், மூணும் ஆடுது. வெட்டவும் மாட்டேங்குது, திக்கி நிக்குது. பெரிய புல்லி போட்டு வேகத்தைக் கூட்டிட்டாச் சரியாயிடுமா?”

“ஒண்ணும் மாத்தாதே. நான் வர்றேன்” என்றேன்.

கப்பல் பட்டறையில் 26 ஆண்டு ஃபிட்டராக இருந்தவன் நான். புது பிளேடு ஒன்று கோணலாக வரலாம். மூன்று பிளேடும் ஒரே மாதிரி ஆடினால் கோளாறு பிளேடில் இல்லை, பிளேடு உட்காரும் இடத்தில் இருக்கிறது. அதைவிட அவனுடைய கடைசிக் கேள்விதான் என்னைப் பதற வைத்தது. ஆடுகிற பிளேடின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால், சமநிலை இல்லாத எடை ஷாஃப்டை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். முதலில் ஆட்டம், அப்புறம்தான் வேகம். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

போய்ப் பார்த்தபோது இருந்தது

40 மி.மீ. ஆங்கிளில் வெல்டிங் செய்த சட்டம். மேலே 18 மி.மீ. ஃபார்ம்வொர்க் பிளைவுட். கீழே, கழித்துப் போட்ட கம்ப்ரெஸரிலிருந்து எடுத்த 1 குதிரைத்திறன் சிங்கிள் ஃபேஸ் மோட்டார். பெயர்ப்பலகையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1420 ஆர்.பி.எம். பிளேடு ஷாஃப்ட் 20 மி.மீ. கனம், யு.சி.பி. 204 பேரிங் இரண்டில் ஓடியது. மோட்டாரில் 100 மி.மீ. புல்லி, ஷாஃப்டிலும் 100 மி.மீ. புல்லி, இடையில் ஏ செக்ஷன் வி-பெல்ட் ஒன்று. பிளேடு 254 மி.மீ., 40 பல், கார்பைடு முனை. பல்லின் அகலம் 2.8 மி.மீ., தகட்டின் கனம் 1.8 மி.மீ., நடு ஓட்டை 25.4 மி.மீ. ஓட்டைக்கும் 20 மி.மீ. ஷாஃப்டுக்கும் இடையில் ஒரு வளையம் போட்டிருந்தான்.

வெல்டிங் நன்றாகவே இருந்தது. 22 வயதுப் பையன் தானாகக் கற்றுச் செய்த வேலை என்று பார்த்தால் எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் பிளேடுக்கு மேல் காப்பு மூடி இல்லை, பின்னால் பிளவுக்கத்தியும் இல்லை. ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று வைத்திருந்தானாம். அது இரண்டும் வரும்வரை யாரும் மரம் தள்ளக் கூடாது என்று சொல்லி, அன்றே அவனைத் தகடு வெட்டி வரச் சொன்னேன். பிளவுக்கத்தியின் கனம் பிளேடு தகட்டைவிடக் கூடுதலாகவும் பல் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இங்கே 2.2 மி.மீ. தகடு பொருந்தியது. வெட்டிய பிளவு பின்னால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வினால் பலகை நம் வயிற்றை நோக்கி வரும். கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைக்காது.

மூடியும் கத்தியும் பொருத்திய பிறகு ஒரே ஒரு சோதனை வெட்டு. பிளைவுட் துண்டு ஒன்றில் ஒரு சாண் நீளம் வெட்டி நிறுத்தினோம். பிளக்கைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி அளவுதான்.

வெட்டின் அகலத்தை வெர்னியரில் பார்த்தேன்: 3.9 மி.மீ. பல் 2.8-தான். மீதி 1.1 மி.மீ. ஆட்டத்தின் கணக்கு. இந்தச் சோதனைக்கு ஒரு வெர்னியர் போதும். ரம்பம் வைத்திருக்கும் யாரும் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது

நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தப் போனால் காந்தப் பீடம் பிளைவுட்டில் ஒட்டவில்லை. பட்டறையில் கிடந்த 10 மி.மீ. இரும்புத் தகட்டை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, அதன் மேல் பீடத்தை வைத்தேன். கேஜின் முனையைப் பல்லுக்குச் சற்று உள்ளே, மையத்திலிருந்து 110 மி.மீ. தூரத்தில், தகட்டின் மீது வைத்தேன். பல்லின் மேலே வைத்தால் ஒவ்வொரு பல்லுக்கும் முள் குதிக்கும், ஒன்றும் புரியாது. பெல்ட்டைக் கழற்றி, பிளேடைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினோம். முள் 0.96 மி.மீ. போய்த் திரும்பியது. பல்லின் தூரமான 127 மி.மீ.க்கு அதை விரித்துப் பார்த்தால் 1.1 மி.மீ. வெர்னியர் சொன்ன அதே எண். இரண்டு கருவியும் ஒரே கதையைச் சொன்னால் நம்பி மேலே போகலாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. முள் உச்சத்தில் நின்ற இடத்தில் பிளேடிலும் ஷாஃப்டிலும் மார்க்கரால் ஒவ்வொரு கோடு. நட்டைத் தளர்த்தி, ஷாஃப்டை அசைக்காமல் பிளேடை மட்டும் அரைச்சுற்று திருப்பி மறுபடி இறுக்கினோம். உச்சம் பிளேடின் கோட்டோடு நகர்ந்திருந்தால் குற்றவாளி பிளேடு. இங்கே உச்சம் ஷாஃப்டின் கோட்டிலேயே நின்றது. அளவு மட்டும் 0.90 ஆனது. பிளேடின் பங்கு மிகச் சின்னது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மருமகன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்ப மூணு பிளேடு வாங்கின காசு?” “பிளேடு வீணாகலை. இரு” என்றேன்.

பிளேடைக் கழற்றிவிட்டு வெறும் ஷாஃப்டின் மேல் முனையை வைத்தோம். 0.03 மி.மீ. ஷாஃப்ட் நேர்தான். பிறகு ஷாஃப்டின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, விட்டு, இழுத்துப் பார்த்தேன். 0.4 மி.மீ. முன்னும் பின்னும் போனது! ஒரு பேரிங்கை ஷாஃப்டோடு பிடிக்கும் சின்னத் திருகுகளான கிரப் ஸ்குரூ இரண்டும் ஷாஃப்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. இது வெட்டும்போது மட்டும் தலைகாட்டும் ஆட்டம். பலகை ஒரு பக்கம் அழுத்தினால் பிளேடு நகரும், விட்டால் திரும்பும். கையால் சுற்றிப் பார்க்கும்போது மறைந்தே கிடக்கும்.

கடைசியாக, பிளேடு சாய்ந்து உட்காரும் உள்பக்க ஃபிளாஞ்ச். ஹார்டுவேர் கடையில் வாங்கிய 60 மி.மீ. வாஷர் ஒன்றை ஷாஃப்டில் மாட்டி, சுற்றிலும் வெல்டிங் வைத்திருந்தான். வாஷர் என்பது அச்சில் அடித்து எடுத்த தகடு. பார்வைக்குச் சமமாகத் தெரியுமே தவிரச் சமமாக இருக்காது. அதன் மேல் வெல்டிங் வேறு. ஆறும்போது வெல்டிங் சுருங்கும், சுருங்கும் பக்கம் தகட்டை இழுக்கும். கேஜின் முனையை அதன் முகத்தில், மையத்திலிருந்து 25 மி.மீ. தூரத்தில் வைத்துச் சுற்றினால் 0.20 மி.மீ.

0.20 என்றால் ஒரு தலைமுடியைப் போல இரண்டு மூன்று பங்கு. ‘இதுவா இவ்வளவு ஆட்டத்தைக் கொடுக்கும்’ என்று தோன்றும். 25 மி.மீ.யில் 0.20 என்றால் 110 மி.மீ.யில் எவ்வளவு? 110-ஐ 25-ஆல் வகுத்தால் 4.4. அதை 0.20-ஆல் பெருக்கினால் 0.88. நாம் பிளேடில் அளந்தது 0.96. கணக்கு கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிட்டது. மிச்சத்தில் பிளேடுக்கு ஒரு பங்கு, வளையத்துக்கு ஒரு பங்கு.

அந்த வளையத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டையைச் சிறிதாக்கப் போட்டிருந்த வளையத்தின் கனம் 2.0 மி.மீ.; பிளேடு தகடோ 1.8. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் வெளிப்பக்க வாஷர் கவ்வியது வளையத்தைத்தான், பிளேடை அல்ல. பிளேடு வெறும் உராய்வில், அரைகுறைப் பிடியில் நின்றிருக்கிறது. ஓடும்போது அது ஷாஃப்டில் வழுக்கவும் செய்திருக்கிறது. வளையத்தைச் சுற்றித் தகட்டில் நீல நிறத்தில் ஒரு சூட்டுத்தடம் இருந்தது. இந்தத் தடத்தைக் கண்டால் அடுத்த வெட்டுக்குப் போகக் கூடாது.

லேத் பட்டறையில்

வெல்டிங்கை அறுத்துச் சரி செய்யப் பார்ப்பது வீண் வேலை. புது 20 மி.மீ. பிரைட் ஷாஃப்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே எழுபது வயதிருக்கும் ஒரு சீனப் பெரியவர். நான் காகிதத்தில் வரைந்ததைப் பார்த்துவிட்டு, “ஷாஃப்டோட சேத்துக் கடையணுமா?” என்று மலாயில் கேட்டார். அதேதான். 85 மி.மீ. ஃபிளாஞ்சைத் தனியாகக் கடைந்து பிறகு மாட்டினால் மாட்டும்போதே கோணல் வந்துவிடும். சூடேற்றி ஷாஃப்டில் ஏற்றி, ஆறவிட்டு, இரண்டு முனையையும் சென்டரில் பிடித்து, அதற்கப்புறம் முகத்தைக் கடைய வேண்டும். அப்போதுதான் ஷாஃப்டின் அச்சுக்கு முகம் சரியான செங்குத்தாக வரும்.

பிளேடு விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஃபிளாஞ்ச் என்பது நான் பழகிய கணக்கு. 254-க்கு 85 என்பது அதிலிருந்து வந்தது. முகத்தின் நடுப்பகுதியைச் சற்று உள்வாங்கக் கடைந்து, வெளி விளிம்பில் 12 மி.மீ. பட்டை மட்டும் பிளேடைத் தொடும்படி செய்தோம். வளையத் தொல்லையே வேண்டாமென்று ஃபிளாஞ்சிலேயே 25.4 மி.மீ. விட்டத்தில் ஒரு படி. அதன் உயரம் 1.5 மி.மீ., பிளேடு தகட்டைவிடக் குறைவு. இப்போது பிளேடு படியில் உட்காரும், வெளி ஃபிளாஞ்ச் பிளேடையே கவ்வும்.

நட்டின் மரையையும் அங்கேயே பார்த்துக்கொண்டோம். நட் பக்கம் நின்று பார்க்கும்போது பிளேடு கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் சாதாரண வலது மரை போதும். வெட்டும் எதிர்ப்பு நட்டை இறுக்கவே செய்யும். மறுபக்கம் என்றால் இடது மரை. இதை மாற்றி வைத்தால் ஓடும்போதே நட் கழன்று வரும்.

திரும்பி வந்து பொருத்தினோம். கிரப் ஸ்குரூ அமரும் இடத்தில் ஷாஃப்டில் அரத்தால் சின்னச் சமதளம் தேய்த்து, மரைப்பசை விட்டு இறுக்கினோம். இந்த வகை பேரிங் தன் கூட்டுக்குள் தானாகத் திரும்பி நேராகும். அதனால் இரண்டையும் ஷாஃப்டில் கோத்துவிட்டு, கையால் சுற்றிப் பார்த்து, இலகுவாகச் சுற்றும் நிலையில்தான் அடிபோல்ட்டை முறுக்க வேண்டும். அவன் முன்பு போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டு ஷாஃப்டைத் தட்டித் தட்டி உள்ளே விட்டிருக்கிறான்.

ஃபிளாஞ்ச் முகம், 40 மி.மீ. தூரத்தில்: 0.02. பிளேடு, 110 மி.மீ. தூரத்தில்: 0.09. முன்னும் பின்னும் ஆட்டம்: முள் அசையவே இல்லை. சோதனை வெட்டின் அகலம் 2.9 மி.மீ. மருமகன் வெர்னியரை என்னிடமிருந்து வாங்கி, அதே வெட்டை நான்கு இடத்தில் அளந்தான்.

வேகம்

ஒளிரும் பட்டை ஒட்டி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் லேசர் டாக்கோமீட்டரில் நாங்கள் முதல் நாளே எடுத்து வைத்திருந்த எண்கள் இவை. சுமையில்லாமல் மோட்டார் 1485, பிளேடு 1400. இரண்டு புல்லியும் ஒரே அளவு என்றால் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஆறு காணாமல் போயிருக்கிறது. வெட்டும்போது மோட்டார் 1430, பிளேடு 1180. நூற்றுக்குப் பதினேழு! மோட்டார் தன் வேலையைச் செய்கிறது, பிளேடுக்குப் போய்ச் சேரவில்லை.

பெல்ட்டைக் கழற்றிப் புல்லியின் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அடித்தளம் கண்ணாடிபோல் பளபளத்தது. அதிலேயே விடை இருந்தது. வி-பெல்ட் பிடிக்க வேண்டியது பள்ளத்தின் இரண்டு சாய்ந்த பக்கங்களில், அடியில் அல்ல. தேய்ந்து மெலிந்த பழைய பெல்ட் பள்ளத்தின் அடிவரை இறங்கி, அங்கே வழுக்கிக்கொண்டிருந்தது. மோட்டாரை வட்ட ஓட்டையில் போல்ட் போட்டு நிறுத்தியிருந்ததால் இழுத்து முறுக்கவும் வழியில்லை. ஓட்டைகளை நீள்துளையாக்கி, புது பெல்ட் போட்டு, இரு புல்லிக்கு நடுவே விரலால் அழுத்தினால் 300 மி.மீ. தூரத்துக்கு 5 மி.மீ. அளவு அமுங்கும்படி வைத்தோம்.

இப்போது, அதே 100-க்கு 100 புல்லியோடு, வெட்டும்போது பிளேடு 1390. திக்கி நிற்பது போய்விட்டது. இதில் பெல்ட்டுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட முடியாது. முன்பு பிளேடு 2.8-க்குப் பதில் 3.9 மி.மீ. அகலம் தின்றது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் மரம், ஒவ்வொரு வெட்டிலும். ஆட்டமே வேகத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலிலேயே புல்லியை மாற்றியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

நீட்டிப்பு வயரும் கொஞ்சம் குற்றவாளி. 20 மீட்டர், 0.75 சதுர மி.மீ., சுருளைப் பிரிக்காமலே பயன்படுத்தினான். ஓடும்போது 8 வோல்ட் குறைவதில் பெரிய பாதகமில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மீட்டர் 200-க்குப் பக்கத்தில் இறங்கியது. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அந்த நேரத்தில் கால் பங்கு பலம் போய்விடும். முனகிக்கொண்டே எழுந்ததற்குக் காரணம் அதுதான். 2.5 சதுர மி.மீ. வயரில் 5 மீட்டர் போட்டோம். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத வகை ஸ்விட்சையும் அப்போதே மாட்டினோம்.

இனி உண்மையிலேயே வேகம் கூட்டலாமா? 254 மி.மீ. பிளேடு ஒரு சுற்றுக்கு 0.8 மீட்டர் போகும். 1390 சுற்றில் பல்லின் வேகம் வினாடிக்கு 18.5 மீட்டர். கடையில் விற்கும் இதே அளவு மேசை ரம்பம் 4000 சுற்றில், வினாடிக்கு 53 மீட்டரில் ஓடும். வித்தியாசம் வெட்டிய விளிம்பில் தெரிகிறது. மெதுவான பல் பிளைவுட்டின் மேல்தோலை வெட்டாமல் பிய்க்கிறது.

அதற்காக 4000-க்குப் போக நான் சம்மதிக்கவில்லை. மோட்டாரின் பலம் 1 குதிரைத்திறன்தான். வேகத்தை மூன்று மடங்காக்கினால் பல் நுனியில் கிடைக்கும் விசை மூன்றில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டால் 40 நியூட்டனிலிருந்து 14-க்கு இறங்குகிறது. ஆகவே இரண்டு மடங்கோடு நின்றோம்: மோட்டாரில் 150, ஷாஃப்டில் 75. கூடவே 40 பல் பிளேடை எடுத்துவிட்டு 24 பல் போட்டோம். விசை பாதியானது, மரத்துக்குள் ஒரே நேரத்தில் இருக்கும் பற்களும் பாதிக்குச் சற்று மேலே வந்தன. அதே வேகத்தில் பலகையைத் தள்ளினால் ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சீவல் ஏறக்குறைய பழைய கனமே. பிளேடில் அச்சிட்டிருந்த உச்ச வேகம் 6000. அதற்குப் பாதியில்கூட நாங்கள் இல்லை. இதைப் பார்க்காமல் யாரும் புல்லி மாற்ற வேண்டாம். துணி துவைக்கும் இயந்திர மோட்டாரை மாட்டலாமா என்று அவன் இடையில் கேட்டான். பிரஷ் வைத்த அந்த மோட்டார் சுமையில்லாதபோது கட்டுக்கடங்காமல் ஏறும். வேண்டவே வேண்டாம் என்றேன்.

புது புல்லியோடு ஓட்டியதும் சட்டம் முழுக்க ஒரு நடுக்கம். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டினோம், நடுக்கம் இருந்தது. புல்லியையும் கழற்றினோம், போய்விட்டது. 150 மி.மீ. புல்லியின் ஓட்டை நடுவில் இல்லை. ஜாலான் புசார் கடைக்காரரிடம் காட்டினேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். இப்போது சுமையில்லாமல் 2900, வெட்டும்போது 2780. வினாடிக்கு 37 மீட்டர்.

மிச்சமிருந்த ஒரு ஆட்டம்

முடிந்தது என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து, “நீளமா வெட்டினா மறுபடி ஆடுது மாமா, கொஞ்ச நேரம் விட்டா நின்னுடுது” என்றான். இதில் நானும் அரை நாள் தவறான பக்கம் தேடினேன். பேரிங் சூடேறித் தளர்கிறதோ என்று பிரித்துப் பார்த்தேன். பேரிங் கைபொறுக்கும் சூட்டில்தான் இருந்தது. அப்புறம்தான் நீள வெட்டு முடிந்த கையோடு பிளக்கைப் பிடுங்கிப் பிளேடில் கேஜை வைத்தேன்: 0.31. அரை மணி ஆறவிட்டேன்: 0.09.

கோளாறு வெப்பம். விளிம்பு மட்டும் சூடானால் அது விரியும், நடுப்பகுதி விரியாது, தகடு அலையாக நெளியும். ஏன் சூடாகிறது? பிளேடின் முன் பல்லிலிருந்தும் பின் பல்லிலிருந்தும், பலகையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிக் கட்டையான ஃபென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்தோம். பின்பக்கம் 0.4 மி.மீ. குறைவு. பலகை வெட்டுப்பட்ட பிறகு பின் பற்களில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. பலகையின் ஓரத்தில் இருந்த பழுப்புக் கோடு அதற்குச் சாட்சி. பேரிங் அடிபோல்ட்டைத் தளர்த்தி, மரச்சுத்தியால் மெல்லத் தட்டி, இரண்டு தூரத்தையும் சமமாக்கினோம். பற்களில் ஒட்டியிருந்த மரப்பிசினையும் ஊறவைத்துத் துடைத்தோம். அதே நீள வெட்டு, அதே மரம்: 0.11.

பிளேடு மாற்றும்போதெல்லாம் ஃபிளாஞ்ச் முகத்தைத் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஊர் ஈரக்காற்றில் ஒரு வாரம் போதும், துருப்பொட்டு வந்துவிடும். 0.05 மி.மீ. கனமுள்ள ஒரு தூள் அங்கே மாட்டினால், பல்லில் அது 0.15 ஆட்டமாகத் தெரியும்.

சாமி மேடைக்கான பலகைகள் வெட்டி முடிந்தன. கால்களுக்கு 40 மி.மீ. பாலாவ் மரம், இரும்புபோல் கடினம், மெதுவாகத்தான் தள்ள வேண்டியிருந்தது, ஆனால் ஒரு முறைகூட நிற்கவில்லை. ‘கோணல்’ என்று அவன் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பிளேடையும் கடைசியில் புது ஃபிளாஞ்சில் மாட்டி அளந்தோம். ஒன்று 0.08, மற்றொன்று 0.12. அந்த எண்களைத் தகட்டிலேயே மார்க்கரால் எழுதி, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான்.